கதவுக் காட்சி

எங்கள் அப்பா வீட்டை விட்டுப் போனார். விஷயம் அவ்வளவுதான். உலகத்தில் எத்தனையோ பேர் வீட்டை விட்டுப் போகிறார்கள், அதற்கெல்லாம் யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. எங்கள் அப்பா எழுத்தாளராக இருந்து தொலைத்தார். அதுவும் உயிரோடு இருந்தவரை யாரும் சீந்தாத எழுத்தாளர். எங்கோ ஒரு ஊரில், லாட்ஜ் அறையில் செத்துக் கிடந்த பிறகு பாடப்புத்தகம், சிலை, தபால்தலை என்று ஒரே அமர்க்களம். அந்த அமர்க்களத்தின் கடைசிக் கட்டமாக இரண்டு கம்பெனிக்காரர்கள் அவர் வாழ்க்கையை இரண்டு படமாக எடுத்து, இரண்டையும் ஒரே வெள்ளிக்கிழமை வெளியிடுவோம் என்று மல்லுக்கு நின்றார்கள்.

பெரிய படத்தை எடுத்தவர் அறைக்குள்ளேகூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார். அவருக்கு நான் வைத்த பெயர் கூலிங்கிளாஸ். சின்னப் படத்தை எடுத்தவருக்கு முகமே தெரியாது, தாடிதான் தெரியும். அவர் தாடி. இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் என் அம்மா.

ஏனென்றால் இரண்டு படத்துக்கும் உயிர்நாடி ஒரே காட்சி. அப்பா வீட்டை விட்டுப் போகும் காட்சி. கூலிங்கிளாஸ் படத்தில் அம்மா அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். மழை கொட்டுகிறது. அப்பா அந்த மழையில் நின்று கதவைத் தட்டுகிறார். பிள்ளைகளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சுகிறார். அம்மா தாழ்ப்பாளைப் போட்டு அதன்மேல் சாய்ந்து நிற்கிறாள். இதைச் சொல்லிக்கொடுத்தது என் அண்ணன். தாடியின் படத்தில் அப்பா தானாகவே கிளம்புகிறார். அம்மா தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். அவர் காலை உருவிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகிறார். இதைச் சொன்னது நான்.

இரண்டு பேரில் யாரும் புளுகவில்லை என்பதுதான் கூத்து. அப்பா போனபோது அண்ணனுக்கு ஏழு வயது, எனக்கு நான்கு. அம்மா தாழ்ப்பாள் போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவன் சொல்கிறான். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து அழுததை என் கண்ணால் நான் பார்த்தேன். இதற்காக நானும் அவனும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை போனிலேயே கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டி, ஒரு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை.

என் வேலையே தொண்டைதான். நான் டப்பிங் பேசுகிறவள். திரையில் யாரோ வாயசைப்பாள், நான் இருட்டில் நின்று அவளுக்காக அழுவேன், சிரிப்பேன், மூச்சு வாங்குவேன். தாடியின் படத்தில் அம்மாவுக்குக் குரல் கொடுத்ததும் நான்தான். என் குரலும் அம்மா குரலும் அச்சு அசல் ஒன்று. நான் போனை எடுத்தால் அம்மாவின் சிநேகிதிகள் ஏமாந்துபோய் என்னிடமே என்னைப் பற்றி வம்பு பேசுவார்கள். அந்தக் கதறல் காட்சியைப் பேசிய அன்று வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் நின்றேன். செருப்புச் சத்தம் மைக்கில் விழும், அதனால் நாங்கள் எல்லோரும் வெறுங்காலோடுதான் நிற்போம். என் பாதத்தைப் பார்த்த சவுண்ட் இன்ஜினியர், "என்னக்கா, ஓரமெல்லாம் தோல் வழவழன்னு இருக்கு?" என்று கேட்டான். சின்ன வயதில் வெந்நீர் கொட்டிவிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். அதையே அவனுக்கும் சொன்னேன். அப்புறம் பேச ஆரம்பித்தேன். முடித்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்பா எழுதியதிலேயே பேர்போன கதை, மழையில் ஒருவன் தன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் கதை. அது சொந்த அனுபவம் என்று படித்தவர்கள் எல்லாம் முடிவுகட்டிவிட்டார்கள். அம்மாவை எங்கே பார்த்தாலும், 'இவங்கதானா அது?' என்று ஒரு பார்வை. ஒரு விழாவில் ஒருத்தி நேராகவே வந்து, "எப்படிங்க மனசு வந்துச்சு?" என்று கேட்டாள். நான் திருப்பிக் கேட்ட கேள்வியில் அவள் கைப்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் மீசை முளைக்கிற வயதில் அந்தக் கதையைப் படித்துவிட்டு வந்து, "நீதான் கதவை மூடினியா?" என்று கேட்டானாம். "ஆமா" என்றாளாம் அம்மா. அதோடு சரி. ஹாஸ்டல், வேலை, கல்யாணம், வெளியூர் என்று அவன் விலகிக்கொண்டே போனான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், நாற்காலி நுனியில் உட்கார்ந்து காபி குடிப்பான், வாட்சைப் பார்ப்பான். அவன் போன பிறகு அம்மா அந்தத் தம்ளரை உடனே கழுவமாட்டாள். நானும் ஒருநாள் கேட்டேன்: "நீ காலைப் புடிச்சு அழுதேதானேம்மா?" அதற்கும் "ஆமா" என்றாள். அம்மாவே சொன்ன பிறகு எனக்கென்ன சந்தேகம்?

கம்பெனிக்காரர்கள் கோர்ட்டு வரைக்கும் போனார்கள். கடைசியில் ஒரு வக்கீல் சமரசம் பேசினார். எழுத்தாளரின் மனைவி இரண்டு காட்சியையும் பார்க்கட்டும். எது நடந்தது என்று கேமரா முன்னால் சொல்லட்டும். அவர் இல்லை என்று சொன்ன காட்சியை அந்தக் கம்பெனி வெட்டிவிட வேண்டும். இரண்டு தரப்பும் தலையாட்டியது. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மா 'ரெண்டாவது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கதவு மூடும் ராட்சசி எந்தத் திரையிலும் ஏறமாட்டாள். அண்ணனும் அதைத் தன் காதாலேயே கேட்பான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அன்று காலை கிளம்பும்போதே அம்மா என் பொறுமையைச் சோதித்தாள். பின்கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, மறுபடி பின்கதவு. வாசலைப் பூட்டி இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். பாதி மாடிப்படி இறங்கிய பிறகு, "இரு, ஒரு நிமிஷம்" என்று மேலே ஏறிப்போய் இழுத்துவிட்டு வந்தாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே கதைதான்.

"திருடன் வந்தாலும் நம்ம வீட்டைப் பாத்துப் பாவப்பட்டு ஏதாச்சும் வெச்சுட்டுத்தாம்மா போவான். வா."

"நீ பேசாம நட."

ஆட்டோவில் நான் பாடம் நடத்தினேன். "வக்கீல் கேப்பாரு. ரெண்டாவதுன்னு சொல்லு. வளவளன்னு வேண்டாம். ஒரே வார்த்தை."

"பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்? இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். செத்துப்போனவர்களின் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லிப் பழகிய முகம். அதிலிருந்து எதையும் படிக்க முடியாது.

ஸ்டூடியோவின் ப்ரிவ்யூ தியேட்டரில் நாற்பது நாற்காலிதான் இருக்கும். ஏசி குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஒரு பக்கம் கூலிங்கிளாஸ், ஒரு பக்கம் தாடி, ஓரமாக ஸ்டாண்டில் ஒரு கேமரா, அதன் பக்கத்தில் வக்கீல். முன்வரிசையிலிருந்து அண்ணன் எழுந்து வந்தான். காதோரம் நன்றாகவே நரைத்திருந்தது.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன்பா. இளைச்சுட்டியே."

"அதெல்லாம் இல்ல." என் பக்கம் திரும்பினான். "என்ன குருவி?"

சின்ன வயதில் அவன் வைத்த பெயர் அது. நான் கீச்சுக்கீச்சென்று பேசுவேனாம். "ம்" என்றேன். அவன் தன் இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டான். அம்மாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காலி நாற்காலி.

விளக்கை அணைத்தார்கள். முதலில் கூலிங்கிளாஸின் காட்சி.

நியாயமாகச் சொன்னால் நன்றாகவே எடுத்திருந்தான் படுபாவி. இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. மழைச் சத்தம் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மாவாக நடித்தவள் கண்ணை உருட்டாமல், குரலை உயர்த்தாமல் கதவைச் சாத்தினாள். அதுதான் பயமாக இருந்தது. கேமரா வீட்டுக்குள்ளேயே இருந்தது. தாழ்ப்பாளைக் கீழேயிருந்து காட்டினார்கள், ஒரு சின்னப் பையன் அண்ணாந்து பார்க்கிற மாதிரி. அண்ணன் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது அது. வெளியே தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆள் தெரியவில்லை. அப்பாவின் குரல், 'புள்ளைங்க முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்' என்றது. முன்வரிசையில் அண்ணனின் தோள் குலுங்கியது.

"மழையா?" என்றாள் அம்மா மெதுவாக. "அன்னைக்கு மண்டையைப் பொளக்குற வெயில்."

"என்னம்மா சொன்னீங்க?" என்றார் வக்கீல்.

"ஒண்ணுமில்லங்க."

அடுத்தது தாடியின் காட்சி. இதில் மழையும் இல்லை, இசையும் இல்லை. செலவில்லாத படம். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு பெட்டி. என் குரல் அந்த அறையை அடைத்துக்கொண்டது. கேமரா மேலேயிருந்து கீழே பார்த்தது. தரையில் அம்மா. குனிந்த தலை, நடுவகிடு, இரண்டு பாதங்களைக் கட்டிக்கொண்ட கைகள். அந்தக் கோணம் நான் கொடுத்தது. 'எனக்கு அம்மாவோட முகம்கூட ஞாபகமில்ல, வகிடுதான் ஞாபகமிருக்கு, மேலேர்ந்து பாக்குற மாதிரி' என்று நான் சொன்னதும் தாடி துள்ளிக் குதித்தார். 'அப்ப அதை அப்பாவோட பார்வையிலயே வெச்சிடலாம்' என்றார். திரையில் கால்கள் உருவிக்கொண்டன. வாசல் காலியாகத் தெரிந்தது. அம்மா விசும்பிக்கொண்டே கிடந்தாள். நடிப்பில் கூலிங்கிளாஸின் ஆள் ஒரு படி மேல்தான். ஆனால் உண்மை எங்கள் பக்கம் இருந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது ஜில்லென்று இருந்தது.

"யூனிஃபார்ம்லகூட இல்லையே" என்று அம்மா யாரிடமோ சொல்கிற மாதிரி முணுமுணுத்தாள். வீட்டு உடையில் இருப்பதாகத்தான் இரண்டு படத்திலும் காட்டியிருந்தார்கள். இருக்கிற பதற்றத்தில் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விளக்கு எரிந்தது. வக்கீல் கேமராவைச் சரிபார்த்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே வந்து நின்றார்.

"அவசரமே இல்லம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டுல எது நடந்தது?"

அண்ணன் திரும்பி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் அவளை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அம்மாவும் அவனைப் பார்த்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். சொல்லும்மா, சொல்லித் தொலை, ஒரு வார்த்தை.

அம்மா என் கையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல காட்டினதுதாங்க" என்றாள்.

கூலிங்கிளாஸ் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினார். தாடி தலையைத் தொங்கப் போட்டார்.

"உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதியாத்தான் சொல்றேன். கதவை நான்தான் மூடினேன்."

"பொய்!" என்று கத்தினேன். "பொய் சொல்றாங்க! கேமராவை நிறுத்துங்க! வயசானவங்களை இப்படிக் கூட்டிட்டு வந்து மிரட்டினா என்ன சொல்வாங்க?"

"யாரும் மிரட்டலையேம்மா" என்றார் வக்கீல் பாவமாக.

"குருவி, உக்காரு" என்றான் அண்ணன்.

"நீ வாயை மூடு!"

அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, தரதரவென்று இழுக்காத குறையாக வெளியே கூட்டிவந்தேன். எதிரிலேயே டப்பிங் அறை. வேலை எதுவும் நடக்கவில்லை. உள்ளே தள்ளி அந்தக் கனத்த கதவைச் சாத்தினேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே? உனக்கு என்ன பைத்தியமா?"

"கத்தாதே. வெளியில கேக்கும்."

"கேக்காது. இந்த ரூமுக்குள்ள கொலையே நடந்தாலும் வெளியில கேக்காது. நான் கத்துவேன். வெள்ளிக்கிழமை ஊர் பூரா உன்னைப் பாத்துக் காறித் துப்பும், தெரியுமா உனக்கு? இத்தனை வருஷம் உனக்காக ஒவ்வொருத்தன்கிட்டயும் நான் சண்டை போட்டேன். கடைசியில என் தலையில மண்ணைப் போட்டுட்டியே!"

அம்மா மைக் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் படத்துல அவரு கதவைத் தட்டுறாரு இல்ல?"

"தட்டினா?"

"புள்ளைங்களைப் பாக்கணும்னு கேக்குறாரு இல்ல?"

"கேட்டா என்ன இப்போ?"

"உன் படத்துல அவரு உங்களைத் திரும்பிக்கூடப் பாக்கலையே. அதைப் போயி என் புள்ள தியேட்டர்ல உக்காந்து பாக்கணுமா?"

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அதுக்காக? நடந்தது நடந்ததுதானேம்மா? நான் பாத்தேன். நீ கீழே உக்காந்து ரெண்டு காலையும் கட்டிக்கிட்டு அழுததை என் கண்ணால பாத்தேன். உன் வகிடுகூட இன்னும் அப்படியே கண்ணுல நிக்குது. அதை நான் கனவா கண்டேன்?"

"கனவில்ல. அழுதேன்."

"அப்புறம் என்ன?"

"நீ அப்போ இத்தனூண்டு" என்று அம்மா தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "உனக்கு எப்படிடி என் வகிடு மேலேர்ந்து தெரிஞ்சுது?"

அவள் கை காட்டிய உயரத்தைப் பார்த்தேன்.

"நீ கட்டில் மேல உக்காந்திருந்தே" என்றாள் அம்மா. "நான் கீழே இருந்தேன். உங்கப்பா காலை நான் எங்கே புடிச்சேன்? நான் புடிச்சது உன் காலைடி."

ஏசியை நிறுத்தியிருந்த அறை. புழுங்கியது. அம்மா சொல்ல ஆரம்பித்தாள். நோயாளியின் நிலைமையை டாக்டருக்குச் சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"அன்னைக்கு எனக்குப் பகல் டியூட்டி. உங்களுக்கு லீவு. உங்களைப் பாத்துக்கச் சொல்லி அவர்கிட்ட விட்டுட்டுப் போனேன். அவரு எப்போ கிளம்பினாருன்னே எனக்குத் தெரியாது. நான் வீட்லயே இல்லையே, தள்ளுறதுக்கும் கெஞ்சுறதுக்கும். வேலை முடிஞ்சு பஸ்ஸை விட்டு இறங்குறேன், ரோட்டு நடுவுல ஒரே கூட்டம். என்னன்னு எட்டிப் பாத்தா நீ. காலுல செருப்பில்ல. தார் உருகுற வெயில்ல அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கே. ரெண்டு பாதமும் கொப்புளம். நீ அழக்கூட இல்ல. 'அப்பா இந்தப் பக்கம்தான் போனாரு'ன்னு கையைக் காட்டினே."

நான் குனிந்து என் பாதத்தைப் பார்த்தேன். அறைக்குள் நுழைந்ததுமே பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தேன்.

"வெந்நீர்னு சொன்னியே."

"வேற என்னன்னு சொல்றது?" என்றாள். "உன்னைத் தூக்கிட்டு ஓடினேன். வீட்டுக் கதவு விரியத் திறந்து கெடக்கு. அண்ணன் உள்ளே தூங்கிட்டிருக்கான், எதுவும் தெரியாம. அந்த மனுஷன் சாத்திட்டுக்கூடப் போகலடி. சும்மா இழுத்து வெச்சுட்டுப் போயிருந்தாக்கூட நீ வெளிய வந்திருக்கமாட்டே, உனக்கு அந்தக் கதவைத் திறக்க வராது. அந்த ரோட்டுல போற லாரியெல்லாம் நெனச்சுப் பாத்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். போட்டுட்டு அது மேலயே சாஞ்சு நின்னேன். அதைத்தான் உங்கண்ணன் முழிச்சுப் பாத்தான். அப்புறம் உன்னைக் கட்டில்ல உக்கார வெச்சு, உன் காலுக்கு மருந்து போட்டேன். அப்போ அழுதேன். அதை நீ பாத்தே."

"தட்டுற சத்தம் கேட்டுச்சுன்னு அண்ணன்..."

"யாரோ தட்டினாங்க. எதிர்வீட்டுக்காரம்மாவா இருக்கும், உன்னைப் பத்திக் கேள்விப்பட்டு வந்திருப்பாங்க. நான் யாருன்னுகூடக் கேக்கல. அன்னைக்கு அந்தக் கதவை யாருக்கும் திறக்குறதா இல்ல."

சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தவளை எப்படியெல்லாம் கிண்டல் செய்தேன்? திருடன் பாவப்படுவான் என்றேனே. என் வாயை என்னத்தால் அடிப்பது?

"ஏம்மா சொல்லல? அண்ணன் வந்து மூஞ்சிக்கு நேரா கேட்டப்போகூட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்றே? உங்கப்பா உங்களைக் கதவுகூட சாத்தாம விட்டுட்டுப் போனாருன்னா? அம்மா கெட்டவன்னு நெனச்சா புள்ளைங்க கோவப்படும். கோவப்பட்டுக்கிட்டே வளர்ந்துடும். அப்பா நம்மளை ஒரு நிமிஷம் நெனச்சே பாக்கலைன்னு தெரிஞ்சா அதோட எப்படி வளரும்?" அம்மா கொஞ்சம் மூச்சு விட்டாள். "அவரு அந்தக் கதவுக் கதையை எழுதினது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு. ஊரெல்லாம் என்னைத் திட்டுச்சு. எனக்குக் கோவமே வரல. தட்டலைன்னாலும், தட்டியிருக்கணும்னு அந்த மனுஷனுக்கு எங்கேயோ உறுத்தியிருக்கு இல்ல? அது போதும்னு நெனச்சேன். உங்கண்ணன் வந்து கேட்டான். ஆமான்னு சொன்னேன். மூடினேன்தானே? நீ வந்து காலைப் புடிச்சியான்னு கேட்டே. அதுக்கும் ஆமான்னேன். ரெண்டும் பொய்யில்லையே."

"உன்னை விட்டுட்டே போயிட்டானேம்மா அண்ணன்."

"போனான்" என்றாள். அவள் உதடு அப்போதுதான் முதல் தடவையாகக் கோணிற்று. "அவனுக்கு அப்பான்னா உசிருடி. இந்த வயசுல அதைப் புடுங்கிட்டு அவன் கையில எதைக் கொடுக்குறது? நீ சொல்லிடாதே. உன் வாய் எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை எனக்காக அடக்கிக்கோ."

ஸ்டூலை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். இந்த அறையில் எத்தனை பேருக்காக அழுதிருக்கிறேன், எனக்காக அழுதது இதுதான் முதல் தடவை. அம்மா என் பாதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். முன்பும் அப்படித் தடவுவாள். கூச்சமாக இருக்கிறது என்று காலை இழுத்துக்கொள்வேன்.

கதவைத் திறந்தபோது அண்ணன் வெளியே நின்றுகொண்டிருந்தான். கையில் தண்ணீர் பாட்டில். எவ்வளவு நேரமாக நின்றானோ. அந்தக் கதவுக்கு வெளியே எதுவும் கேட்டிருக்காது.

"தண்ணி குடிம்மா" என்று மூடியைத் திருகித் திறந்து நீட்டினான். அம்மா குடித்தாள். அவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "நான்... உன்னை எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்ல வெச்சிருக்கக் கூடாது. உண்மையைச் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்மா. இத்தனை வருஷம் நான் உன்னை..."

"போனது போகட்டும் விடுப்பா. வீட்டுக்கு வா. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"வரேன்மா."

உள்ளே தாடி தன் எடிட்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து எடுத்த காட்சியை முழுக்கத் தூக்கிவிடச் சொல்வது கேட்டது. என் அழுகையும் அதோடு போகும். வெள்ளிக்கிழமை எல்லா ஊரிலும் என் அம்மா மழையில் ஒருவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள்.

அம்மா எங்களைத் தாண்டி டப்பிங் அறைக் கதவுக்குப் போனாள். அதைச் சாத்தினாள். கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். அவள் முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.

"குருவி, என் மேல கோவமா?" என்று அண்ணன் தாழ்ந்த குரலில் கேட்டான். "நான் எதையும் இட்டுக்கட்டல. பாத்ததைத்தான் சொன்னேன். அம்மா கதவை மூடினதை நான் பாத்தேன்."

தார் ரோடு, கொப்புளம், விரியத் திறந்து கிடந்த கதவு. எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அம்மா கைப்பிடியில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"தெரியும்ணா" என்றேன். "நீ பாத்தது நிஜம்தான்."

"அப்பா தட்டினதுகூட எனக்கு நல்லாக் கேட்டுச்சு குருவி. இன்னமும் சில நேரம் காதுல கேக்கும்."

அம்மாவுக்குக் குரல் கொடுப்பதுதானே என் தொழில்.

"கேட்டிருக்கும்ணா" என்றேன். "நம்மளைப் பாக்கணும்னுதான் தட்டியிருப்பாரு."